'தானாப் போகட்டும்' என்பது கருணையா?

ஏற்காட்டில் ஒரு நாய் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால் போதும், மூன்று வசனங்கள் உடனே கிளம்பும். ஒன்று: "வாயில்லா ஜீவன், அதைப் போய் ஊசி போட்டுக் கொல்றது பாவம்". இரண்டு: "விதி முடிஞ்சா அது தானாப் போகும், விடு". மூன்றாவது கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும்: "ராத்திரி ஜீப்ல ஏத்திக்கிட்டுப் போய் கீழ எங்கயாவது விட்டுட்டு வந்துடு".

இதைச் சொல்பவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை. நம் பெரியம்மா, பக்கத்து வீட்டு அண்ணன், டீக்கடைக்காரர். அதனால்தான் இதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். ஆனாலும் பேசியே ஆகவேண்டும்.

என் கட்சி இதுதான். கால்நடை டாக்டர் பார்த்து, 'இனி குணமாகாது, வலியையும் அடக்க முடியாது' என்று சொன்ன பிறகும் ஊசி போட மறுப்பது கருணை இல்லை. நம் மனசாட்சிக்கு அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதற்கான பில்லை நாய் கட்டுகிறது. (பி.காம் படிக்கிறவன் புத்தி, எல்லாவற்றிலும் பில்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒன்பது நாள்

போன காபி சீசனில் எங்கள் பக்கம் ஒரு வீட்டு நாய் ஜீப்பில் அடிபட்டது. இடுப்பும் முதுகெலும்பும் உடைந்து பின்னங்கால்கள் இரண்டும் செத்துப்போயின. சிறுநீர் தானாகப் போகவில்லை. வந்து பார்த்த டாக்டர் தெளிவாகவே சொன்னார், 'இதுக்கு மேல வைச்சிருக்கிறது கொடுமை, ஊசி போட்டுடலாம்' என்று. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. பாவமாம்.

அதை விறகுக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால். மூன்றாம் நாள் புண்ணில் ஈ மொய்த்தது, ஐந்தாம் நாள் புழு. டிசம்பர் மாதத்து ஏற்காட்டுக் குளிரில், கம்பளி போர்த்திப் படுத்திருக்கும் எங்களுக்கு ராத்திரியெல்லாம் அதன் சத்தம் கேட்டது. ஒன்பதாம் நாள் காலை சத்தம் நின்றது. "புண்ணியம், தானாப் போயிடுச்சு" என்றார்கள். ஒன்பது நாளும் பால் வைத்ததைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டார்கள்.

அந்த வீட்டுக்காரர்கள் அந்த நாயை அடித்ததே இல்லை, ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. உண்மையாகவே பாசமாக வளர்த்தவர்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை, அவர்கள் கையைக் கட்டிப்போட்ட அந்த 'பாவம்' என்கிற ஒற்றைச் சொல்லின் மேல்தான். பாசக்காரர்களையே இப்படி நடக்க வைக்கிறது என்றால், அந்தச் சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

சொல்லிலேயே ஒரு கொலை

முதல் சிக்கல் தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர். கருணைக்கொலை. 'கருணை' என்று ஆரம்பித்தாலும் முடிவது 'கொலை'யில். காதில் தங்குவது கடைசிச் சொல்தான். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் 'நல்ல சாவு' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரிலும் 'நல்ல சாவு' என்ற பேச்சு உண்டே! யாராவது தூக்கத்திலேயே போய்விட்டால், "கெடையில கிடக்காம போனாரு, நல்ல சாவு" என்று பேசிக்கொள்வோமே, அதுதான். தாத்தாவுக்கு வேண்டிக்கொள்ளும் சாவை நாய்க்குக் கொடுக்க முடிகிறபோது மட்டும் அதற்குப் பெயர் கொலை.

சபர்மதி கன்றுக்குட்டி

'இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம பண்பாட்டுல கிடையாது' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கதாநாயகன் வெள்ளைக்காரன் இல்லை, காந்தி.

1928-ஆம் வருடம். சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி முடமாகிப் படுத்த படுக்கையாகக் கிடந்தது. புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. பார்த்த டாக்டர் இனி வழியில்லை என்றார். காந்தி ஆசிரமவாசிகளோடு பேசினார். எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் டாக்டரை வரவழைத்து ஊசி போடச் சொல்லி, தானும் பக்கத்தில் நின்றார். சில நிமிடங்களில் முடிந்தது.

யோசித்துப் பாருங்கள். குஜராத். சமணமும் வைணவமும் ஊறிய மண். அதிலும் பசுங்கன்று. அதைச் செய்தது அகிம்சையைத் தன் வாழ்க்கையாகவே வைத்திருந்த மனிதர். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, மறைக்கவும் இல்லை. 1928 அக்டோபரில் 'யங் இந்தியா'வில் விரிவாக எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: உயிரை எடுப்பது எல்லாமே ஹிம்சை ஆகாது, உயிரை எடுக்காமல் இருப்பது எல்லாமே அகிம்சையும் ஆகாது. கோபத்தாலோ சுயநலத்தாலோ துன்பம் தருவதுதான் ஹிம்சை. டாக்டர் கத்தி வைப்பது வெட்டுவதற்காக இல்லையே! தன் சொந்தக் குழந்தை அந்த நிலையில், வேறு எந்த வழியும் இல்லாமல் கிடந்தாலும் இதையேதான் செய்வேன் என்றும் எழுதினார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் கதவை அகலமாகத் திறந்து விடவில்லை என்பது. பின்னால் எழுதும்போது நான்கு நிபந்தனைகள் போட்டார். நோய் தீராததாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோரும் பிழைக்கும் என்ற நம்பிக்கையை இழந்திருக்க வேண்டும். எந்தப் பணிவிடையாலும் உதவ முடியாத நிலையாக இருக்க வேண்டும். நோயுற்ற உயிரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் கூடாது என்றார்.

விறகுக் கொட்டகை நாயை இந்த நான்கிலும் வைத்துப் பாருங்கள். நான்கும் பொருந்தும். அகிம்சையை நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே போட்ட பரீட்சையில் அந்த ஊசி பாஸ். பால் கிண்ணம்தான் ஃபெயில்.

சட்டம் யார் பக்கம்?

'போலீஸ் கேஸ் ஆகிடுமோ' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான பயம். ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது.

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 3-வது பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் விலங்குக்குத் தேவையற்ற வலியும் துன்பமும் வராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமை என்கிறது. 11-வது பிரிவு எதெல்லாம் கொடுமை என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில், காரணமில்லாமல் விலங்கைப் பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி அநாதையாக விட்டுவிட்டுப் போவது இருக்கிறது. தனக்குச் சொந்தமான நோயுற்ற, ஊனமான விலங்கைத் தெருவில் சாக விடுவதும் இருக்கிறது. ஆக, அந்த மூன்றாவது வசனம், அதாவது ராத்திரி ஜீப்பில் ஏற்றிப் போய் கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிடுவது, நேரடியாகக் குற்றம்.

13-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நகர்த்தினாலே கொடுமை என்கிற நிலையில் ஒரு விலங்கு கிடந்து, அதை முடித்துவைக்கச் சொந்தக்காரர் சம்மதிக்க மறுத்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி அந்தப் பகுதி கால்நடை டாக்டரை அழைக்கலாம். டாக்டர் 'இதை உயிரோடு வைத்திருப்பது கொடுமை' என்று சான்று கொடுத்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று அதன் வேதனையை முடிக்கலாம். சொந்தக்காரர் 'பாவம்' என்று மறுத்தாலும்!

சட்டத்துக்குப் பல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 1960-இல் போட்ட தொகை அது. இன்றைக்கு ஏரிக்கரையில் ஒரு பிளேட் பஜ்ஜிக்கும் டீக்கும் ஆகிற காசு. அபராதத்துக்குப் பயந்து யாரும் மாறப்போவதில்லை. ஆனால் 'ஊசி போட்டா தப்பு, சாக விட்டா தப்பில்ல' என்று சட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்று. தெருநாய்களுக்காக 2001-இல் வந்த இனக்கட்டுப்பாட்டு விதிகள், தீராத நோயும் உயிர்போகும் காயமும் உள்ள நாய்களைத் தகுதியுள்ள டாக்டர் மருந்து கொடுத்து வலியில்லாமல் முடிக்க வேண்டும் என்றன. அதுவும் இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக்கூடாது என்று சேர்த்துச் சொன்னன. தெருநாய்க்குச் சட்டம் கொடுத்த அந்த மரியாதையைப் பெயர் வைத்துச் சோறு போட்ட நாய்க்கு நாம் கொடுப்பதில்லை.

வழக்கமான கேள்விகள், என் பதில்கள்

1. "உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்கணும். நீ யாரு?"

சரி, ஒரு கேள்வி. குட்டியாக இருந்தபோது தடுப்பூசி போட்டது யார்? விதியா? கருத்தடை செய்தது யார்? அது எப்போது சாப்பிடணும், எங்கே படுக்கணும் என்று பன்னிரண்டு வருடம் முடிவு செய்துவிட்டு, அதற்கு நாம் உண்மையாகவே தேவைப்படுகிற கடைசி நாளில் மட்டும் 'நான் யாரு' என்று கையை விரிப்பது தன்னடக்கம் இல்லை, நழுவல்.

2. "இன்னைக்கு நாய், நாளைக்கு வீட்டுப் பெரியவங்களா?"

இது கனமான கேள்வி. ஏனென்றால் நம் தமிழ்நாட்டிலேயே விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒரு கொடுமை நடந்திருக்கிறது. வயதானவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து, உடம்பு குளிர்ந்து சாகும்படி செய்வது. அதைச் செய்தவர்களும் 'கஷ்டப்படாம போகட்டும்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே முடிவு செய்தது சுமை தாங்க முடியாத குடும்பம். பாட்டியால் பேச முடியும், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. டாக்டர் கிடையாது. வலியைக் குறைக்கும் முயற்சியும் கிடையாது. காந்தியின் நான்கு நிபந்தனைகளில் ஒன்றுகூடத் தேறாது. மனிதர்கள் விஷயத்தில் உச்சநீதிமன்றமே 2011-இல் அருணா ஷான்பாக் வழக்கிலும், 2018-இலும், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது வரைக்கும்தான் வந்தது. அதற்கும் மருத்துவக் குழு, முன்கூட்டி எழுதி வைத்த விருப்பம் என்று எத்தனை வேலிகள். மனிதன் சொல்லத் தெரிந்தவன், அதனால் அந்தப் பாதை வேறு. நாயால் 'எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும், என் பையன் வர்ற வரைக்கும்' என்று சொல்ல முடியாது. அதற்கு அடுத்த வாரம் என்ற ஒன்றே இல்லை. இருப்பது இந்த நிமிடத்து வலி மட்டும்தான்.

3. "எத்தனையோ நாய் செத்துப் பிழைச்சிருக்கே?"

உண்மை. இதை நான் மறுக்கவில்லை, இன்னும் பலமாகவே சொல்கிறேன். பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து துணி மாதிரிக் கிடக்கும். பார்த்தால் முடிந்தது என்று தோன்றும். நேரத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கும். பெண்/ஆண் உறுப்பில் வரும் ஒருவகைத் தொற்றுக்கட்டி இருக்கிறது, காலிஃபிளவர் மாதிரிப் பிதுங்கி ரத்தம் வடியும், பார்க்கவே பயங்கரம். வின்கிரிஸ்டின் என்கிற மருந்தை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகும். சொறி பிடித்து முடியெல்லாம் கொட்டின நாய் இரண்டு மாதத்தில் பளபளவென்று திரும்பி வரும். உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான்.

இதனால் தெரிவது என்ன? கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே, டாக்டரிடம் காட்டு என்பதுதான். 'அதிசயம் நடக்கும்' என்று கொட்டகையில் போட்டு வைப்பதற்கு இது வாதம் ஆகாது. பிழைத்த நாய்களெல்லாம் சிகிச்சையால் பிழைத்தவை, பால் கிண்ணத்தால் இல்லை.

4. "இவ்வளவு செலவு பண்ணிட்டோம், இப்பப் போய் நிறுத்தவா?"

காஸ்டிங் வகுப்பில் தூங்கினவர்களுக்கு: சங்க் காஸ்ட். போன பணம் போனதுதான். அடுத்த முடிவை அதை வைத்து எடுக்கக்கூடாது. பதினாறாயிரம் செலவு செய்தாயிற்று என்பது பதினேழாவது ஆயிரத்துக்குக் காரணம் ஆகாது. பணத்துக்கு மட்டும் இல்லை, பாசத்துக்கும் இதே கணக்குதான். பன்னிரண்டு வருடம் கூட இருந்தது என்பதற்காகப் பதின்மூன்றாவது வருடத்தை வலியில் இழுக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பணமே இல்லாதவர்கள். எஸ்டேட் லைன் வீட்டில் கூலிக்குப் போகிற ஒருவருக்கு, நாயை வண்டி வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, முப்பது கிலோமீட்டர் சேலத்துக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்து, பெரிய கேஸ் என்றால் அங்கிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போவது என்றால் எத்தனை நாள் கூலி? சிகிச்சை இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. அப்போது முதலில் உதவி கேளுங்கள், ஊரில் கேளுங்கள், என்னை மாதிரி வேலையில்லாத மாணவர்களைக் கேளுங்கள், வண்டி பிடித்துத் தருகிறோம். எதுவும் முடியவில்லை என்றால், மருந்தே இல்லாமல் வதைபடுவதைவிட வலியில்லாத முடிவு மேல். ஏழை என்பதற்காக அவர் குற்றவாளி ஆகமாட்டார். இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் உண்மை அதுதான்.

அவசரக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை

இதுவரை தலையாட்டிக்கொண்டே வந்தவர்களில் சிலருக்கு இனி பிடிக்காது :-)

வீடு மாறுகிறோம், புது வீட்டில் நாய்க்கு இடமில்லை. வயசாகிவிட்டது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது. கண் தெரியவில்லை. பின்னங்கால் வரவில்லை, ஆனால் வலி இல்லை, தட்டை வைத்தால் ஆவலாகச் சாப்பிடுகிறது. குழந்தை பிறக்கப் போகிறது. இந்தக் காரணங்களுக்கெல்லாம் 'ஊசி போட்டுடலாமா டாக்டர்' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள். அது வீட்டைக் காலி செய்கிற வேலை.

குருட்டு நாய் மூக்காலேயே வீட்டைச் சுற்றிவரும். கால் வராத நாய்க்குச் சக்கர வண்டி கட்டிவிட்டால் நம்மைவிட வேகமாக ஓடும். இவற்றுக்குத் தேவை நம் நேரம், மருந்து இல்லை. தலைக்கூத்தல் கேள்வி உண்மையில் இவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டியது.

ஆக, உரைகல் ஒன்றுதான்: இந்த ஊசியால் தீரப்போவது யாருடைய கஷ்டம்? நாயுடையது என்றால் பேசலாம். நம்முடையது என்றால் ஊசியைக் கீழே வையுங்கள். இதே கேள்வி மறுக்கிறவர்களுக்கும் பொருந்தும். ஊசி போடாமல் இருப்பதால் காப்பாற்றப்படுவது யார்? நாயா, நம் மனநிம்மதியா?

எப்படித்தான் முடிவு செய்வது?

வாய்ச்சவடால் போதும், கைக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்று அமெரிக்காவில் ஒரு கால்நடைப் புற்றுநோய் டாக்டர். 2004-இல் ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுத்தார். ஏழு பாடம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்:

- வலி (மூச்சுத் திணறலும் இதில் சேர்த்தி) கட்டுக்குள் இருக்கிறதா?
- சாப்பிடுகிறதா?
- உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா?
- சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா?
- சந்தோஷம் தெரிகிறதா, நம்மைப் பார்த்தால் வாலாவது அசைகிறதா?
- நடமாட்டம் உண்டா, தானாகவோ நம் உதவியோடோ?
- கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா?

மொத்தம் 70. முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. ஐம்பது சதவீதம் பாஸ் மார்க். இது தராசு இல்லை, சும்மா ஒரு பிடிமானம். ஆனால் வீட்டில் நாலு பேர் நாலு திசையில் அழுதுகொண்டிருக்கும்போது பிடிமானம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மணிக்குச் சிறுநீரகம் போனபோது இதைத்தான் செய்தோம். நாயில் இந்த நோய் வெளியே தெரியும்போதே சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். மூன்று வாரம் டிரிப்ஸ், சேலத்துக்கு ஆறு தடவை. டாக்டர் ஒருவர் "பாருங்க, உங்க இஷ்டம்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவே இல்லை. அம்மா தினசரி காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். அப்பாயிதான் 'பாவம்' கட்சித் தலைவி. தொடர்ந்து பதினொரு பெருக்கல் குறி விழுந்த அன்றைக்கு, அவரே காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, அந்த டாக்டரைக் கூப்பிடு. இது நமக்காக இருக்குது, அதுக்காக இல்ல".

எந்தப் புத்தகமும் படிக்காதவர். நான் இவ்வளவு நீட்டி முழக்கியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்று, இது குணமாகுமா? இரண்டு, ஆகாது என்றால் வலியையாவது மருந்தில் அடக்கி வைக்க முடியுமா? மூன்று, இது உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவதை அவசியம் கேளுங்கள். 'உங்க இஷ்டம்' என்ற சுவரை உடைக்க அதுதான் சுத்தியல். கால்நடை டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவு எங்களுடையதுதான், ஆனால் உண்மை உங்களிடம்தான் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள் ஐயா. எங்களுக்கு மனசு கஷ்டப்படுமே என்று நீங்கள் மென்று முழுங்குகிற ஒவ்வொரு நாளும் நாய்க்கு ஒரு பெருக்கல் குறி.

அந்தக் கடைசிப் பத்து நிமிடம்

பலர் மறுப்பதற்குக் காரணமே என்ன நடக்கும் என்று தெரியாத பயம்தான். ஒழுங்காகச் செய்தால் இப்படித்தான் நடக்கும். முதலில் ஒரு மயக்க ஊசி, நாய் தூங்கிப்போகும். பிறகு நரம்பு வழியாக, ஆபரேஷனுக்குக் கொடுக்கிற வகை மயக்க மருந்தையே அதிக அளவில் கொடுப்பார்கள். முதலில் நினைவு போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். சில நிமிடம்தான். கண் மூடாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போன பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கலாம், சிறுநீர் போகலாம். உடம்பின் எதிர்வினைதான், அதற்கு எதுவும் தெரியாது.

"முதல்ல மயக்க மருந்து கொடுப்பீங்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. நினைவோடு இருக்கிற நாய்க்கு நேராக இதயத்தை நிறுத்தும் மருந்தைப் போடுவது சித்திரவதை. சாப்பாட்டில் விஷம் வைப்பதும் அப்படியே. அதைக் கருணைக் கணக்கில் எழுத விடாதீர்கள்.

முடிந்தால் கூடவே இருங்கள். 'என்னால பார்க்க முடியாது' என்று வெளியே போய்விட்டால், அது கடைசியாகத் தேடுவது உங்களைத்தான். புதைக்கும்போது ஆழமாகத் தோண்டுங்கள், ஊற்று, கிணற்றுப் பக்கம் வேண்டாம். உடம்பில் மருந்து இருக்கும், வேறு நாயோ காட்டுப்பன்றியோ கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து.

முடிவாக

எங்கள் மலையில் நாய் இல்லாத வீடு குறைவு. காபிக் களத்துக்குக் காவல், இருட்டில் காட்டெருமை வந்தால் முதல் எச்சரிக்கை, பனியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் துணை. பன்னிரண்டு வருடம் கூலி கேட்காமல் உழைக்கிற ஜீவன். அதற்குக் கடைசியாக நாம் கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டி ஒன்று இருக்கிறது. வலியில்லாத ஒரு சாவு.

உங்கள் வீட்டு நாய்க்கு இப்போது எந்த நோயும் இல்லை என்றால், வீட்டில் இதைப் பேச அதுதான் சரியான நேரம். இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பேச்செடுங்கள். சண்டை வரும். வரட்டும். கொட்டகையில் அது கத்த ஆரம்பித்த பிறகு பேச நேரம் இருக்காது.

பி.கு: வாயில் எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், நடத்தையே மாறின நாயைக் கண்டால் கருணை, கொலை என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். தொடாமல் தள்ளி நின்று கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊசியிலாவது யாரும் பாவ புண்ணியம் பார்க்க வேண்டாம்.